மழைக்கு அடைத்த மெழுகு

நான் வேலை பார்த்த கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசிக்கு உறை விற்கிறார்கள். தண்ணீர் புகாத உறை. கடைக்காரப் பெண் ஒரு துண்டுக் காகிதத்தை உறைக்குள் போட்டு, வாயை அழுத்தி மூடி, வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, காகிதத்தை உருவிக் காட்டுவாள். பர்மாவில் எங்கள் பேட்டையான பபேடானில் அந்தத் தெரு வழியே போகும்போதெல்லாம் நான் நின்று பார்க்கிறேன். இந்தத் தடவை நனைந்துதான் வரும் என்று ஒவ்வொரு தடவையும் பயப்படுகிறேன். ஒருமுறையும் நனைந்ததில்லை.

எங்கள் தமிழ்ச் சங்கத்து மலருக்கு ஓய்வுபெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டும் என்றார்கள். துறைமுகத்தில் இருந்தவர் கிரேனைப் பற்றிக் கொடுத்துவிட்டார். நகராட்சியில் இருந்தவர் குடிதண்ணீர்க் குழாயைப் பற்றிக் கொடுத்துவிட்டார். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழை வருமோ, யாராவது சிரிப்பார்களோ என்று மூன்று நாள் யோசித்தேன். இன்று காலையிலிருந்து மழை. எதிர்மாடி வெளுத்துக் கரைந்து, தெருவே ஆற்றுக்கு அடியில் இருப்பதுபோலத் தெரிகிறது. இப்படி ஒரு மழையில் நடந்ததைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் கடை துப்பாக்கி பழுதுபார்க்கும் கடை. எல்லாத் துப்பாக்கியும் அல்ல. லைசென்ஸ் உள்ள பழைய ரகம் மட்டும். குழல் வாய் வழியாகக் கரிமருந்தைக் கெட்டித்துச் சுடுவது. இங்கே அதைத் தூமீ என்பார்கள். வயலில் பன்றி விழாமல் காக்கிறவர்களும், பருவத்தில் காட்டுக்குப் போகிறவர்களும் வைத்திருந்தார்கள். பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆறு வருஷம் அரம் பிடித்தேன். ஏழாவது வருஷம் ஸ்பிரிங்கைத் தொட விட்டார்கள். அரம் ஒருநாள் வழுக்கி என் இடது கட்டைவிரல் நகத்தை நடுவில் பிளந்துவிட்டது. அது பிறகு இரண்டாகவே வளர்ந்தது. படித்ததற்கு அத்தாட்சி என்று காட்ட எனக்கு இருப்பது அந்த நகம்தான்.

கடையின் பெர்மிட் முதலில் மிஷன் பள்ளியில் படித்து குமாஸ்தாவாக இருந்த ஒருவர் பெயரில் இருந்தது. அவருக்குப் பிறகு அவர் மகள் ரோஸ்லின் பெயருக்கு மாறியது. எனக்கு ஐந்து வயது இளையவர். அவர்தான் எனக்கு மேலதிகாரி. ஊரில் எல்லாரும் படித்த பெண்களைக் கூப்பிடுகிற மாதிரி நானும் செயாமா என்று கூப்பிடுவேன். ஆண் என்றால் செயா. அவர் என்னை அண்ணே என்பார். முப்பது வருஷத்தில் ஒருநாள்கூட அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. குரல் உயராத ஒருவரிடம் வேலை செய்வது என்னைப் போன்ற ஆளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கோபமா இல்லையா என்று ராத்திரி வரை கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன்.

துப்பாக்கி கடைக்குள் வந்தால் அதை நாங்கள் யாரும் தொடக்கூடாது. நீள மேசையில் பச்சைத் துணி விரித்திருக்கும். கொண்டுவந்தவரே அதை அந்தத் துணியின்மேல் வைக்க வேண்டும், வாய் சுவரைப் பார்க்கும்படி. பிறகு செயாமா முக்காலியிலிருந்து இறங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நின்றபடி லைசென்ஸ் புத்தகத்தை வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதம் வாசிக்கிற அதே நிறுத்தங்களோடு. பெயர், ஊர், குழலின் நீளம், கட்டையின் மரம். கடைசி வரி பற்றவைக்கும் முறை. அதில் கல் என்று இருக்கும், அல்லது தொப்பி என்று இருக்கும். வாசித்துவிட்டு, குனிந்து துப்பாக்கியைப் பார்த்து, "கல்லுதான்" என்பார். அதற்கு அப்புறம்தான் என் கை போகலாம். முதல் வேலை, ஒற்றை விரலால் கிண்ணத்து மூடியைத் தள்ளித் திறப்பது. "கிண்ணம் காலி" என்று நான் சொல்ல வேண்டும். அவர் வேலைப் புத்தகத்தில் எழுதுவார்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கல் துப்பாக்கியின் பக்கவாட்டில் கரண்டி அளவுக்கு ஒரு கிண்ணம் உண்டு. அதில் கொஞ்சம் பொடிமருந்து போடுவார்கள், அதற்கு ரஞ்சகம் என்று பெயர். மேலே இரும்பு மூடி. குதிரை என்று சொல்கிற கொக்கியின் வாயில் சக்கிமுக்கிக் கல். விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து கல்லை மூடியில் உரசும். மூடி திறக்கும், பொறி விழும், ரஞ்சகம் பற்றும், காது என்கிற சின்னத் துவாரம் வழியாக நெருப்பு உள்ளே போகும். மழைக்காலத்தில் இது ஒன்றும் நடக்காது. ரஞ்சகம் கூழாகிவிடும். தொப்பித் துப்பாக்கியில் அந்தக் கவலை குறைவு. சின்னச் செம்புத் தொப்பி ஒன்று, அதன்மேல் சுத்தி. ஆனால் லைசென்ஸில் கல் என்று இருந்தால் கல்தான். அதைத் தொப்பியாக மாற்றினால் அது வேறு துப்பாக்கி. வேறு துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடையாது.

மழை பிடிக்கிற முதல் நாள் செயாமா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நனைந்த பருவத்துக்கான விதிகளை எனக்கு வாசித்துச் சொல்வார். புத்தகம் பர்மாவில் இருக்கும். அர்த்தம் தமிழில் சொல்வார். எனக்கு பர்மா பேச்சு தண்ணீர் மாதிரி வரும், எழுத்து வராது. பூட்டை, அதாவது குதிரையும் கிண்ணமும் சேர்ந்த பகுதியை, மழைக்கு மூடலாம், தோல் உறையாலோ எண்ணெய்த் துணியாலோ. ஒற்றைக் கையால் அவிழ்க்கும்படி முடிச்சு இருக்க வேண்டும். மெழுகு, குங்கிலியம், அரக்கு, பசை எதுவும் கூடாது. விரலால் திறக்க முடியாத கிண்ணம் மருந்து கெட்டித்த கிண்ணமாகவே கருதப்படும். வண்டியிலும் படகிலும் கெட்டித்த துப்பாக்கி கொண்டுபோவது குற்றம்.

"ஏன் செயாமா, மெழுகுல என்ன தப்பு?" என்று ஒரு வருஷம் கேட்டேன்.

"அடைச்சிட்டா உள்ள என்ன இருக்குன்னு துப்பாக்கிக்குத்தாண்ணே தெரியும். சோதனை போடுறவனுக்குத் தெரியாது."

எனக்கு அது உள்ளே ரஞ்சகம் போட்டு அடைக்கிறவர்களுக்கான விதி என்று பட்டது. அப்படியே மனதில் உட்கார்ந்துவிட்டது.

இனி மாயாண்டி அண்ணன். ஆற்றுக்கு அப்பால், லாஞ்சுப் படகில் ஒரு ராத்திரி போக வேண்டிய ஓடைக்கரையில் அவருக்கு நிலம். வயலை ஒட்டி நாணல்காடு. மழை பிடித்து நாற்று பச்சைகட்டியதும் பன்றிகள் இறங்கும். அவருடைய தூமீ மாமனார் வைத்திருந்தது. கல் ரகம். லைசென்ஸ் மாமனார் பெயரிலிருந்து அவர் பெயருக்கு மாறி வர ஏழு வருஷம் ஆனதாம். அந்த ஏழு வருஷமும் தகர டப்பாவைத் தட்டித்தான் பன்றி விரட்டினேன் என்பார்.

அவர் வந்தால் கடையே கலகலக்கும்.

"என்னப்பா செல்லையா, அந்தத் தொப்பி ஒண்ணு வச்சுக் குடுத்திரு. வெளிய தெரியாம."

"அது வெளியதாண்ணே இருக்கும்."

"அப்ப ஒரு குடையாச்சும் வை. துப்பாக்கிக்குக் குடை பிடிக்கிற ஆளு சம்பளத்துக்குக் கிடைப்பானான்னு பாக்குறேன்."

செயாமா தலை நிமிராமல், "குடை ஒத்தைக் கையால மடக்குற மாதிரி இருந்தா விதியில இடம் இருக்குண்ணே" என்றார். அவர் சொல்வதில் எது வேடிக்கை என்று எனக்குக் கடைசிவரை பிடிபட்டதில்லை. மாயாண்டி அண்ணன் மட்டும் தொடையில் தட்டிச் சிரிப்பார்.

நான் சொல்ல வந்த அந்த வருஷ மழைக்கு அவர் கொண்டுவந்த கோளாறு மூடி ஸ்பிரிங். தளர்ந்து போயிருந்தது. மூடி கிண்ணத்தின்மேல் உட்காராமல் மிதந்தது. இரண்டு நாளில் புது ஸ்பிரிங் அடித்துப் பதப்படுத்திப் போட்டேன். காதைத் துலக்கினேன். கிண்ணத்துக்குள் துரு பிடித்திருந்ததைத் தேய்த்து எடுத்தேன். உட்பக்கம் புதுக் காசு மாதிரி மின்னியது. செயாமா எல்லாவற்றையும் எழுதினார்: ஸ்பிரிங் மாற்றியது, காது துலக்கியது, கிண்ணம் காலி. எழுதிவிட்டு லைசென்ஸ் ஆபீசுக்கு வேறு காகிதங்களோடு போய்விட்டார்.

மாயாண்டி அண்ணனுக்கு சாயங்கால லாஞ்ச். தோல் உறையை ஊரிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொள்கிறேன் என்றார். லாஞ்சுக்கு நேரம் இருந்ததால் மூலைக்கடையில் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார்.

நான் தனியாக இருந்தேன். வெளியே மழை தெருவின் நிறத்தைக் கழுவிக்கொண்டிருந்தது. மின்னுகிற அந்தக் கிண்ணத்தைப் பார்த்தேன். ராத்திரி முழுக்க ஆற்றுக்காற்று. ஈரம் மூடியின் விளிம்பில் ஊறி உள்ளே இறங்கும். காலைக்குள் செம்பழுப்பாகப் பூத்துவிடும். அடுத்த தடவை வந்து, என்னப்பா வேலை செஞ்சே என்று கேட்பார். செயாமா என்னைப் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். அதையெல்லாம் நான் அப்போதே பார்த்துவிட்டேன். நடக்காததைப் பார்ப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம்.

இழுப்பறையில் மெழுகுவர்த்தித் துண்டுகள் கிடந்தன. செயாமா கோயிலிலிருந்து மிச்சத்தைக் கொண்டுவருவார், மர ஆணிக்குத் தடவவும் இழுப்பறை சிக்காமல் இருக்கவும். ஒரு துண்டை விரல்களுக்கிடையில் உருட்டிச் சூடாக்கினேன். மூடியும் கிண்ணமும் சேருகிற விளிம்பில் கயிறு மாதிரி சுற்றி வைத்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்தி அழுத்திப் பதித்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. காலிக் கிண்ணத்தைத்தான் அடைத்தேன். அடைத்த பிறகு மனதுக்கு இருந்த நிம்மதியை இன்றைக்கும் சொல்ல முடியும். குழந்தைக்குப் போர்த்திவிட்டது மாதிரி இருந்தது.

டீ குடித்துவிட்டு வந்தவர் அவசரத்தில் வாங்கிச் சுற்றிக்கொண்டு போனார். நான் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு ஒரு காரியமாகத் தோன்றவில்லை.

லாஞ்ச் கிளம்புகிற போட்டாதாங் ஜெட்டியில் சோதனை. துணியை அவிழ்த்து, லைசென்ஸைப் பார்த்து, கிண்ணத்தைத் திற என்றார்களாம். இவர் விரலால் தள்ளியிருக்கிறார். திறக்கவில்லை. பலமாகத் தள்ளியிருக்கிறார். சோதனைக்காரர் இவர் கையைப் பிடித்து நிறுத்தி, துப்பாக்கியை வாங்கி ஆற்றைப் பார்த்து வைத்துவிட்டு, கத்தி கேட்டிருக்கிறார். பிறகு கத்தியால் திறக்க வேண்டாம், அப்படியே ஆபீசுக்குப் போகட்டும் என்று சீட்டு கட்டிவிட்டார்கள்.

எங்களுக்குக் கடிதம் வந்தது. வேலைப் புத்தகத்தோடும், வேலை செய்த ஆளோடும் வர வேண்டும். செயாமா அதைப் பர்மாவில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை வாசித்தார். மெழுகு என்ற வார்த்தை வந்தபோது என் காதுக்குள் மழை நின்றுவிட்டது போல இருந்தது. நான் குனிந்து இழுப்பறையைச் சாத்தினேன்.

லைசென்ஸ் ஆபீசில் ஊ வின் என்ற அதிகாரி. நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். அவருடைய அறையில் கூரை ஒழுகும். நனைந்த காகிதங்களைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே மின்விசிறி வைத்திருந்தார். பேசும்போதெல்லாம் அவர் தலைக்குமேல் காகிதங்கள் மெல்ல அசைந்துகொண்டே இருந்தன. மேசையில் மாயாண்டி அண்ணனின் தூமீ, கழுத்தில் சீட்டோடு படுத்திருந்தது. கிண்ணத்தைச் சுற்றி நான் வைத்த வெள்ளைக் கயிறு அப்படியே இருந்தது. மேல் பக்கம் மட்டும் விரல் பட்டு மழுங்கியிருந்தது.

வேலைப் புத்தகத்தைப் பார்த்தார். மெழுகு என்று அதில் இல்லை. மாயாண்டி அண்ணனைப் பார்த்துக் கேட்டார், பர்மாவில்: "இதை அடைத்தது யார்?"

"நான்தான், செயா" என்றார் மாயாண்டி அண்ணன்.

"எதற்கு?"

"மழைக்கு. காட்டுத் தேன்மெழுகு. எங்க பக்கம் எல்லாரும் வைக்கிறதுதான்."

ஊ வின் எழுதிக்கொண்டார். வியாழக்கிழமை எல்லார் முன்னிலையிலும் கிண்ணத்தைத் திறந்து பார்த்து முடிவு சொல்கிறேன் என்றார். அறையை விட்டு வெளியே வந்ததும் மாயாண்டி அண்ணன் என் முதுகில் தட்டினார்.

"நீதான் வச்சேன்னு எனக்குத் தெரியும்ப்பா. ஒன் பேரைச் சொன்னா கடையை மூடிருவானுங்க. அப்புறம் என் ஸ்பிரிங்கை யாரு அடிப்பா? ஏதோ அபராதம் போடுவான், கட்டிட்டுப் போறேன்."

என்னைப் பேசவிடாமல் படியிறங்கிப் போய்விட்டார். செயாமா பின்னால் வந்து, "அண்ணே, நில்லுங்க" என்று கூப்பிட்டார். அவர் திரும்பிப் பார்க்காமல் கையை ஆட்டிக்கொண்டே மழைக்குள் போனார்.

பஸ்ஸில் செயாமாவும் நானும் அருகருகே நின்றோம். ஜன்னல் எல்லாம் புகைமூடியிருந்தது. பெருநாள் இல்லாத நாளிலும் அவர் தலையில் மல்லிகை வைத்திருப்பார். அந்த வாசனையும் ஈரத் துணி வாசனையும் கலந்து வந்தது.

"அபராதம் இல்லண்ணே" என்றார், யாரிடமோ சொல்வது போல. "அவரே அடைச்சதா ஒத்துக்கிட்டா லைசென்ஸ் ரத்து. துப்பாக்கியை உடைச்சிருவாங்க. அவர் பேருக்கு மறுபடி கிடையாது."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"கடையில அடைச்சிருந்தா?" என்று கேட்டேன்.

"கடை பெர்மிட்டு போகும்." ஜன்னலைக் கையால் துடைத்துவிட்டு, "காட்டுத் தேன்மெழுகு என்ன நிறம்ணே?" என்றார்.

"தவிட்டு நிறம்."

"ம்" என்றார். 

வியாழக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் எனக்கு ஒரே நாளாகத்தான் நினைவிருக்கிறது, அல்லது ஒரே மழையாக. அரத்தைப் பிடித்தால் கையில் மெழுகு ஒட்டுவது போல இருக்கும். கண்ணை மூடினால் நாணல்காடு தெரியும். நான் அந்தக் காட்டைப் பார்த்ததே இல்லை. வெளிர்பச்சை நாற்றுக்குள் பன்றிகள் அவசரமில்லாமல் இறங்கும், தண்ணீரில் நடக்கிற சத்தம்கூடக் கேட்கும். வரப்பில் மாயாண்டி அண்ணன் தகர டப்பாவோடு நிற்பார். அவர் தட்டுவார், சத்தம் வராது. இன்னொரு பக்கம் செயாமா. அப்பா விட்டுப்போன ஒரே பெர்மிட். அதை என் வாயாலேயே பிடுங்கிப் போடுவதா? அவரே எல்லாவற்றையும் முடிவு செய்து எனக்குச் சொல்லிவிடக்கூடாதா என்றுகூட ஏங்கினேன். சொல்லவில்லை. பச்சைத் துணியை மடித்தார், விரித்தார்.

புதன்கிழமை ஷட்டர் இறக்குகிற நேரத்தில் சொன்னேன். பூட்டைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல்.

"செயாமா, அந்த மெழுகு நான் வச்சது."

"தெரியும்ணே. உள்ள திரி நூலு தெரிஞ்சுச்சு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நான் சொல்லியிருந்தா அவருக்கும் எனக்கும் நடுவுல பேச்சா போயிருக்கும். வச்ச கை உங்களோடது, சொல்ற வாயும் உங்களோடதா இருக்கணும்." பிறகு, "நாளைக்கு ஒரு துண்டு மெழுகுவர்த்தி எடுத்துக்குங்க. கேட்பாங்க" என்றார்.

"பெர்மிட்டு போயிரும்."

"மழையில நனையாதீங்கண்ணே, குடை எடுத்துட்டுப் போங்க" என்றார் அவர். அன்றைக்குப் பூட்டை ஐந்து தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனேன். வழக்கமாக மூன்று.

வியாழக்கிழமை ஊ வின் முன்னால் நான் எழுந்து நின்று, அடைத்தது நான் என்றேன். மாயாண்டி அண்ணன் தமிழில், "ஒக்காருப்பா, ஒனக்கு என்ன கிறுக்கா" என்றார். ஊ வின் அவரை அமரச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவர், தான் வைத்ததாகச் சொல்கிறார். நீயோ நீ வைத்ததாகச் சொல்கிறாய். நான் எதை எழுதுவது?"

நான் மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வெள்ளை நிறம், திரி நூல். போதாது என்பது போல அலமாரியிலிருந்து வேறொரு பழைய பூட்டை எடுத்துவரச் சொன்னார். துப்பாக்கி இல்லாத வெறும் பூட்டு, கிண்ணமும் மூடியும் மட்டும்.

"இதில் செய்துகாட்டு."

மெழுகை விரல்களுக்கிடையில் உருட்டினேன்.  கைக்கு அது தெரிந்த வேலை. சுற்றி வைத்தேன், நகத்தால் பதித்தேன். அழுத்தி எடுக்கிற இடத்திலெல்லாம் என் பிளந்த நகம் இரண்டு பிறைகளை அருகருகே விட்டது, சின்னப் பறவை ஒன்று விளிம்பைச் சுற்றி நடந்து போனது போல. ஊ வின் பூதக்கண்ணாடியை எடுத்து, தூமீயின் கிண்ணத்தைப் பார்த்தார். அங்கேயும் அந்தப் பறவை சுற்றிப் போயிருந்தது.

பிறகு எல்லார் முன்னிலையிலும் மெழுகைச் சுரண்டி மூடியைத் திறந்தார்கள். கிண்ணம் காலி. துருவும் இல்லை, ஈரமும் இல்லை. நான் தேய்த்துவைத்தது மாதிரியே மின்னியது. அந்த நிலைமையிலும் எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஊ வின் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "மருந்து நனையக்கூடாது என்று அடைப்பார்கள். இதில் ஒன்றுமே இல்லை. எது நனையும் என்று அடைத்தாய்?"

 செயாமாவைப் பார்த்தேன். அவர் கயிற்றில் தொங்குகிற காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பயம், செயா" என்றேன்.

"எதற்கு?"

"எல்லாத்துக்கும்."

அவர் பேனாவை எடுத்தார், வைத்தார். அந்தப் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் இதை எப்படி எழுதுவது என்று யோசித்தாரோ என்னவோ, மழைச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஏதோ எழுதினார். முடிவைப் படித்தார். அடைத்த கிண்ணம் கெட்டித்த கிண்ணம்தான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் கொண்டுபோனவர் அடைக்கவில்லை, அடைத்தது அவருக்குத் தெரியாது. அவருடைய லைசென்ஸ் நிற்கும். துப்பாக்கி மழைக்காலம் முடியும்வரை ஆபீசில் இருக்கும். கடையின் பெர்மிட்டும் அதுவரை நிறுத்தம்.

மாயாண்டி அண்ணன் எழுந்தார். "அதுவரைக்கும் பன்னிக்கும் லைசென்ஸை நிறுத்தி வைப்பீங்களா, செயா?"

ஊ வின் சிரிக்கவில்லை. "அது என் அதிகாரத்துக்குள் இருந்தால் இன்றைக்கே கையெழுத்துப் போடுவேன்" என்றார்.

படியில் வைத்து மாயாண்டி அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஒன்னைய யாரு வாயைத் திறக்கச் சொன்னா? அபராதத்தைக் கட்டிட்டுத் துப்பாக்கியோட போயிருப்பேன். இப்ப வெறுங்கையோட போறேன்."

"அபராதம் இல்லண்ணே, உடைக்கிறதா இருந்தாங்க" என்றார் செயாமா. "லைசென்ஸும் போயிருக்கும். திரும்ப வராது."

"மாமனார் துப்பாக்கியையா?" என்றார்.  பிறகு ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். லாஞ்ச் நேரம் போய்க்கொண்டிருந்தது, நாங்களும் உட்கார்ந்தோம். அவர் என்னைத் திட்டவுமில்லை, நன்றி சொல்லவுமில்லை. "ஒரு தகர டப்பா வாங்கணும்" என்று மட்டும் சொன்னார்.

அந்த மழை முழுக்கக் கடை மூடியிருந்தது. செயாமா ஒரு கடையோரம் டைப்ரைட்டர் மேசை போட்டு, மனு அடித்துக் கொடுத்தார். நான் போட்டாதாங்கில் மூட்டை தூக்கினேன். சாயங்காலம் மாயாண்டி அண்ணனின் ஓடைப் பக்கம் போகிற லாஞ்ச் கிளம்பும். விளக்குகள் மழைக்குள் கரைந்து, கடைசியில் ஆறு மட்டும் மிஞ்சும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். பாதி வயல் போய்விட்டது என்று லாஞ்ச் ஆட்கள் மூலம் தெரிந்தது. மீதிப் பாதியை டப்பா காப்பாற்றியதாம்.

மழை ஓய்ந்ததும் பெர்மிட் திரும்பி வந்தது. துப்பாக்கியும் அவருக்குப் போனது. வேலைப் புத்தகத்தில் செயாமா ஒரு புதுப் பத்தி கோடு போட்டார். கொடுக்கும்போது கிண்ணம் எப்படி இருந்தது என்று, வாங்கும்போது எப்படி இருந்தது என்று. அந்தப் பத்தியை மட்டும் நான்தான் எழுத வேண்டும் என்றார், தமிழிலேயே. என் கோணல் எழுத்தை ஊ வின் ஆபீசில் யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். "நீங்க படிப்பீங்கள்ல" என்றார்.

அடுத்த வருஷம் மழை பிடித்த ஒரு வாரத்தில் மாயாண்டி அண்ணன் வந்தார். உச்சி முதல் கால்வரை நனைந்திருந்தார். எண்ணெய்த் துணி, தோல் உறை எதுவும் இல்லை. தூமீயைத் தோளில் வெறுமனே போட்டுக்கொண்டு, ஜெட்டியிலிருந்து நடந்தே வந்திருந்தார். பச்சைத் துணியின்மேல் வைத்தார். வாய் சுவரைப் பார்த்தது. செயாமா எழுந்து நின்று முழு லைசென்ஸையும் வாசித்தார். கடைசி வரி வந்தது. "கல்லுதான்" என்றார்.

நான் விரலை நீட்டினேன். தேவைப்படவில்லை. மூடி ஏற்கெனவே திறந்து கிடந்தது.

"ஊர்லேர்ந்து திறந்தேதான் கொண்டாந்தேன்" என்றார் மாயாண்டி அண்ணன். "ஜெட்டியில ரெண்டு பேரு எட்டிப் பாத்தான். ஒருத்தனும் ஒண்ணும் சொல்லலை. இப்ப சட்டத்துக்குச் சரியா?"

கிண்ணம் நிறைய மழைத்தண்ணீர் நின்றது. மேசையில் வைத்த அசைவு அடங்கவில்லை, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் கடைக்கூரையின் விளக்கு அதில் ஒரு துளியாகத் தெரிந்தது. நான் தேய்த்த இரும்பில் துரு பூத்திருக்கும். வழக்கமான நான் என்றால் அந்த நிமிஷமே கவிழ்த்துத் துடைத்திருப்பேன். அன்று கையை எடுத்துக்கொண்டேன். மூன்று பேரும் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

செயாமா புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "எழுதுங்கண்ணே."

"என்னன்னு?"

"இருக்கிறதை."

பேனாவை எடுத்தேன். கிண்ணம் காலி என்றுதான் அத்தனை வருஷமும் சொல்லிவந்தேன். அன்று என் கையெழுத்தில் எழுதினேன்: கிண்ணம் திறந்திருந்தது. உள்ளே மழை.